மஞ்சள் குழாயில் வருவது பாயசம்

திருவனந்தபுரத்தில் குழாய்க்கு ஒருநாளும் பஞ்சம் வந்ததில்லை. குழாய்க்குள் எதை விடுவது என்பதில்தான் எப்போதும் தகராறு. அந்தத் தகராறைத் தீர்ப்பதற்கென்றே பிறந்தது மாநிலப் பாய்பொருள் வழங்கு வாரியம். பிறந்ததும் தெருவெல்லாம் தோண்டிக் குழாய் பதித்தது. தண்ணீர் வேறு இலாகாவிடம் இருந்தது. அவர்கள் தரமாட்டேன் என்றார்கள். பதித்த குழாயை எடுக்க விதியில்லை, வாங்கிய குழாயைப் பதிக்காமல் வைத்திருக்கவும் விதியில்லை. மிச்சக் குழாயெல்லாம் கிடங்கு முற்றத்தில் கிடந்து வெயிலில் வெளிறிக்கொண்டிருந்த நாளில், வாரியத்தின் பெரிய அதிகாரி ஒருவர் ஒரு கல்யாணச் சாப்பாட்டுக்குப் போனார். பரிமாறுகிறவனின் நெற்றியிலிருந்து ஒரு வியர்வைத் துளி சாம்பார் வாளிக்குள் விழுவதைப் பார்த்தார். 'குழாய்வழி விருந்து' என்னும் திட்டம் அந்தத் துளியில்தான் முளைத்தது.

கிழக்கேகோட்டையில் பஸ்கள் திரும்பும் இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் வாரியம் ஒரு மாதிரிக் கல்யாண மண்டபம் கட்டியது. சாப்பாட்டுக் கூடத்தில் ஒவ்வொரு இலைக்கும் நேர் மேலே கூரையிலிருந்து நான்கு குழாய்கள் தொங்கின. மஞ்சள் பாயசத்துக்கு, சிவப்பு சாம்பாருக்கு, பழுப்பு ரசத்துக்கு, வெள்ளை மோருக்கு. சோறு, பருப்பு, பொரியல் முதலான திடப்பொருள்கள் மீது வாரியத்துக்கு அதிகாரமில்லை. அவற்றை மட்டும் மனிதர்கள் பழையபடி கையால் பரிமாறிக்கொள்ளலாம்.

பழவங்காடியில் பூஜைச் சாமான் கடை வைத்திருக்கும் நாகேஸ்வரன் இந்த மண்டபத்தைத் தேடிப் போனவரல்ல. மகள் செண்பகவல்லிக்குக் குறித்த முகூர்த்தத்தில் ஊரில் மற்ற மண்டபமெல்லாம் நிரம்பியிருந்தன, இது மட்டும் காலியாக இருந்தது. ஏன் காலியாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கல்யாணம் நிச்சயமான சந்தோஷத்தில் மனுஷன் கேட்கவில்லை.

சம்பந்தி கல்யாணராமன் நாகர்கோவில் வடிவீஸ்வரத்துக்காரர். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். கத்த மாட்டார், திட்ட மாட்டார். டிக்கெட் இல்லாதவனைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை, அதற்குப் பிறகு ஒரு முடிவு, அவ்வளவுதான். மூத்த மகன் கல்யாணத்தில் அப்பளம் வரத் தாமதமாயிற்று என்று இலையை விட்டு எழுந்தவர் அவர். அன்றிலிருந்து சுசீந்திரத்திலிருக்கும் அந்த மூத்த சம்பந்தி, மகளைப் பார்க்க வந்தால் இவர் வீட்டுக் கேட்டுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போகிறார். கொண்டுவரும் வாழைச்சீப்பைக் கேட்டுக்கு மேலாகத்தான் கொடுக்க வேண்டும். மகளும் கேட்டுக்கு மேலாகத்தான் வாங்கிக்கொள்ள வேண்டும்.

இந்தக் கதை செண்பகவல்லிக்கும் தெரியும். முகூர்த்தத்துக்கு முந்தின நாள், கையில் மருதாணி உலர்ந்துகொண்டிருந்தபோது அவள் கேட்டாள்.

"அப்பா, நீங்களும் கேட்டுக்கு வெளியில நிக்கவேண்டி வருமோ?"

"நான் எதுக்குடி நிக்கறேன்? அப்பளம் கூடை கூடையாப் பொரிச்சு வைக்கச் சொல்லியாச்சு."

"அப்பளம்னு இல்லப்பா. வேற ஏதாவது."

நாகேஸ்வரன் சிரித்து மழுப்பினார். ஆனால் அதற்குப் பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

கல்யாணத்தன்று காலையில் சமையல்கட்டுக்குப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். வாரியத்தின் பொறியாளர் ஷாஜி, கரண்டி, வாளி, தூக்கு, டம்ளர் எல்லாவற்றையும் ஓர் அறையில் போட்டுப் பூட்டி, பூட்டின்மேல் அரக்கு வைத்துக்கொண்டிருந்தார். சமையற்காரர் அழகியநம்பி, ஆயுதத்தைப் பறிகொடுத்த போலீஸ்காரரைப்போல வெறுங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சார், ஒரு வாளியாவது வெளியில இருக்கட்டுமே. ஆத்திர அவசரத்துக்கு வேணாமா?" என்றார் நாகேஸ்வரன்.

"அதுதான் சாமி பிரச்னை," என்றார் ஷாஜி. நல்ல மனிதர், சிரித்த முகம். "வாளி கண்ணுல பட்டா ஆளுகளுக்குப் பைப்புல உள்ள விசுவாசம் போகும். டிரயல் சமயத்துல ஒரே ஒரு வாளி விட்டுவச்சோம். எல்லாரும் அதுலயே மொண்டு விளம்பி, சாப்பிட்டு, கை கழுவிப் போயாச்சு. பைப்பு சும்மா தொங்கிட்டு நின்னது. போர்டுக்கு அது எவ்வளவு பெரிய மானக்கேடு."

"பைப்பு சரியா வருமோ?"

"நூறு சதமானம். வெள்ளம் விட்டு டெஸ்ட் செய்து சர்ட்டிபிகேட் கிட்டியாச்சு."

"வெள்ளம்னா, தண்ணியா? நான் தண்ணி போடலையே சார். பாயசம்னா போடறேன்."

"பாயசம் விட்டு டெஸ்ட் செய்யணும்னா பாயசம் வாங்கணும். அதுக்குப் பட்ஜெட்டுல வகையில்ல சாமி. ஒண்ணும் பேடிக்க வேண்டா."

வாரியத்தின் ஆலோசகர் டாக்டர் ரெஷ்மா ஒரு வெப்பமானியோடு அடுப்படியில் சுற்றிக்கொண்டிருந்தார். எந்தப் பொருள் எப்படி ஓடும் என்பதில் ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கியவர். விடியற்காலையில் நெய் உறைந்திருந்ததால் திடப்பொருள் என்று தப்பித்திருந்தது. அடுப்புச் சூட்டில் அது மெல்ல இளகத் தொடங்கியதும் ரெஷ்மா கிண்ணத்தைச் சாய்த்துப் பார்த்தார். நெய் நகர்ந்தது. "இப்போ இது நம்ம போர்டோட அதிகாரத்துக்குள்ள வந்தாச்சு," என்று கிண்ணத்துக்கும் சீல் வைத்தார். அழகியநம்பி மிச்ச நெய்யை ஐஸ் பெட்டிக்குள் ஒளித்துவைத்து அதன் திடத்தன்மையைக் காப்பாற்றினார்.

தாலி நல்லபடியாக ஏறியது. கெட்டிமேளமும் கோட்டையிலிருந்து வந்த பஸ் ஹாரனும் ஒன்றாகக் கேட்டன. அதுவரை பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் இருந்த நாகேஸ்வரனுக்குக் கண் கலங்கியது. அழ நேரமில்லை, சம்பந்தி பந்தி உட்காரப்போகிறது.

இங்கே ஒரு விஷயம் சொல்லவேண்டும். இவர்கள் வழக்கத்தில், ஊற்றுகிறவற்றில் இலையில் முதலில் விழவேண்டியது பாயசம். வலது ஓரத்தில் ஒரு சொட்டு போதும், மீதியை அப்புறம் வயிறாரக் குடித்துக்கொள்ளலாம். ஆனால் அந்தச் சொட்டு விழாமல் எவரும் சோற்றில் கைவைக்க மாட்டார்கள். உட்கார்ந்தவர் சாப்பிடாமல் எழுந்தால் பெண் வீட்டுக்கு அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. ஆக, மஞ்சள் குழாயிலிருந்து விழவேண்டிய ஒரு சொட்டை நம்பி நாகர்கோவில் வீட்டுக் கேட் இருந்தது.

பந்தி உட்கார்ந்தது. நடுநாயகமாகக் கல்யாணராமன். மேஜைமேல் இலை, இலைமேல் சோறு, பருப்பு, கறி, கூட்டு, மலைபோல அப்பளம். அப்பளத்தைப் பார்த்து அவர் லேசாகத் தலையசைத்ததை நாகேஸ்வரன் கவனித்தார். உயிர் கொஞ்சம் வந்தது.

ஷாஜி மைக்கைப் பிடித்தார். வாரியத்தின் இணையப் பக்கத்தில் நிகழ்ச்சி நேரலையாகப் போய்க்கொண்டிருந்தது.

"பெரியோர்களே, இந்தியாவிலேயே முதல்தடவையா மனுஷக் கை படாத பாயசம் இன்னைக்கு ஓடப்போகுது. எங்களுக்குப் பாயசம் வேற, ரசம் வேற இல்ல. எல்லாத் திரவத்துக்கும் சமநீதி. அதுனால நாலு வால்வும் ஒரே சமயத்துல திறக்கும்."

நாகேஸ்வரன் அவர் காதருகே போனார். "சார், முதல்ல பாயசம் மட்டும் திறக்கச் சொல்லுங்கோ. அதாக்கும் எங்க வழக்கம்."

"ஒண்ண மட்டும் முதல்ல திறந்தா பட்சபாதம்னு ஆடிட்டுல எழுதுவாங்க சாமி," என்ற ஷாஜி சமையல்கட்டுப் பக்கம் கையைக் காட்டினார்.

அங்கே வால்வு திறக்கும் ஊழியர் ஜெபசிங் நின்றிருந்தார். குழித்துறைக்காரர். நான்கு வால்வையும் திறந்தார்.

ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு பழுப்புக் குழாய்கள் அத்தனையும் ஒரே சத்தத்தோடு ரசத்தைக் கக்கின. இலையில் அதைத் தாங்க ஒன்றுமில்லை. பிசைந்த சோறு இருந்தால் அல்லவா தாங்கும். அப்பளங்களைத் தூக்கிக்கொண்டு போய் மேஜை விளிம்பில் விழுந்து மடிகளில் இறங்கியது ரசம். பின்னாலேயே மோர் வந்தது. சாம்பார் கொஞ்சம் யோசித்து வந்தது; முருங்கைக்காயெல்லாம் வடிகட்டியில் மாட்டிக்கொண்டதால் வெறும் புளித்தண்ணீராக வந்தது. மஞ்சள் குழாய்கள் காய்ந்து தொங்கின.

"அடைக்கச் சொல்லுங்கோ," என்று நாகேஸ்வரன் ஓடினார். ஜெபசிங் அடைத்தார். மோர் மட்டும் கடைசியாக ஒரு தடவை விக்கிவிட்டு நின்றது.

கல்யாணராமன் அசையவில்லை. அவருடைய புதுப்பட்டு வேஷ்டியில் மிளகும் கொத்தமல்லியும் ஒட்டியிருந்தன. அதைத் தட்டிவிடக்கூட இல்லை. நாகேஸ்வரனைப் பார்த்தார். அந்தப் பார்வையைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தாலும் நாகேஸ்வரன் அன்றுதான் முதலில் பார்த்தார். ஆட்கள் இலைகளை மாற்றி, மறுபடி சோறும் பருப்பும் வைத்தார்கள். பந்தி மறுபடி கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தது.

ரெஷ்மா மாத்திரம் சந்தோஷமாகக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்.

"பாத்தீங்களா அங்கிள், தியரி சொன்னபடியே நடந்திருக்கு. ரசம் லேசானது, சீக்கிரம் ஓடும். மோர் அதுக்குப் பின்ன. சாம்பார் கொஞ்சம் தடி. பாயசம் ரொம்பத் தடி, அதுதான் கடைசி. உங்க ஊண் வரிசை நேச்சருக்கு நேர் எதிரா இருக்கு."

"வரிசையை மாத்தணும்னு ஒரு அபேட்சை எழுதித் தந்தா போர்டு பரிசீலிக்கும்," என்றார் ஷாஜி.

"அதெல்லாம் அப்புறம் பாக்கலாம் சார். பாயசம் எங்கே?"

பாயசத்தைத் தேடிப் போனார்கள். கூரையோரமாக ஓடும் மஞ்சள் குழாயின்கீழ் ஷாஜி ஜீப் சாவியால் தட்டிக்கொண்டே நடந்தார். ரெஷ்மா ஏணிமேல் ஏறிக் காதை வைத்துக் கேட்டார். பின்னால் நாகேஸ்வரன், கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு. கூடத்தின் மூலையில், குழாய் வளையும் இடத்தில், தட்டல் சத்தம் மந்தமாக மாறியது.

"இங்கதான் இருக்கு," என்றார் ரெஷ்மா. "இது ஒரு மாதிரி சுபாவம் அங்கிள். நகர்ந்துட்டு இருந்தா இளகும், நின்னா இறுகும். சூடு ஆறினா பைப்புல ஒட்டும். ஒட்டினதுமேல அடுத்தது ஒட்டும். போதாததுக்கு இந்தப் பைப்போட உள்பக்கம் முழுக்க வரிவரியா இருக்கு."

"வரிவரியா எதுக்கு இருக்கு?"

"இது கேபிள் போடறதுக்கு வாங்கின பைப்பு," என்றார் ஷாஜி. "வாங்கியாச்சு, கேபிள் வரல. மஞ்சள் பெயின்ட் அடிச்சுப் பாயசத்துக்குக் கொடுத்தோம். பைப்பைச் சும்மா போட முடியுமா?"

"அப்போ பைப்புதானே சார் கோளாறு?"

ஷாஜியின் முகத்திலிருந்து சிரிப்பு முதல்தடவையாகப் போயிற்று. "சாமி அப்படிச் சொல்லப்படாது. பைப்பை போர்டு பரிசோதிச்சு ஏத்துக்கிட்டாச்சு. பாயசத்தை போர்டு ஏத்துக்கல, அதுக்கு சர்ட்டிபிகேட்டும் இல்ல. ரெண்டு பேருக்கும் தகராறுன்னா நாங்க யார் பக்கம் நிக்கணும்? எங்க ஆபீசுல ஃபைலும் இப்படித்தான். தள்ளினா இளகும், நின்னா இறுகும். அதுக்காக நாங்க ஆபீசைக் குத்தம் சொல்றோமா? ஃபைல் கொண்டுவந்த ஆளைத்தான் சொல்லுவோம்."

நாகேஸ்வரன் பந்தியின் பக்கம் திரும்பிப் பார்த்தார். கல்யாணராமன் கைக்கடிகாரத்தைக் கழற்றி இலைக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். ரயில் தாமதமானால் அவர் அப்படி வைப்பார் என்று அவருடைய தம்பி யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது.

"எப்படியாவது ஒரு சொட்டு சார். ஒரே ஒரு சொட்டு. அவர் எழுந்தா என் பொண்ணோட ஜென்மத்துக்கும் அது நிக்கும்."

அதைக் கேட்டு ஷாஜிக்கும் மனம் இளகியது. அதிகாரிகளுக்கு மனம் இளகினால் அடுத்து என்ன நடக்கும் என்று சொல்லமுடியாது.

"தள்ளிப் பாப்போம்," என்றார். "ரசம் நல்ல ஓட்டமுள்ள சாதனம். ரசத்தை மஞ்சள் லைன்ல விட்டு, பின்னாலிருந்து பாயசத்தைத் தள்ளுவோம்."

"ரசத்தை விட்டா?"

"ஜெபசிங்கே, ரசத் தொட்டி பம்பை மஞ்சள் லைன்ல மாட்டு."

"மாட்டியாச்சு சாரே," என்று உள்ளிருந்து குரல் வந்தது. "தெறக்கட்டா?"

"திற."

குழாய் முனகியது. கூரையில் ஒரு நடுக்கம் ஓடியது. மூலையில் வளைவுக்குள் ஏதோ கொப்பளித்தது. பந்தியே தலையை அண்ணாந்து பார்த்தது. நாகேஸ்வரன் பழவங்காடிக் கணபதிக்கு மனசுக்குள் கூடை நிறையத் தேங்காய் நேர்ந்துகொண்டார். மஞ்சள் குழாயின் வாயில் ஒரு துளி திரண்டது, தொங்கியது, கல்யாணராமனின் இலையில் விழுந்தது. பின்னாலேயே இன்னும் கொஞ்சம் விழுந்தது.

ரசம். கூடவே ஒரு முந்திரிப்பருப்பு.

"நடுவுல ஓட்டை போட்டுட்டு வந்திருக்கு," என்று ரெஷ்மா பரவசப்பட்டார். "மெலிசான திரவம் தடியான திரவத்தைத் தள்ளாது அங்கிள், நடுவால துளைச்சுட்டு வந்துடும். பாயசம் சுத்துச்சுவர் மாதிரி அங்கேயே நிக்குது. புஸ்தகத்துல படம் போட்டிருக்கிறது மாதிரியே."

ஷாஜி மைக்கை எடுத்துவிட்டார். "பெரியோர்களே, பாயசம் வந்தாச்சு."

"சார், இது ரசம்," என்றார் நாகேஸ்வரன்.

"எந்தப் பைப்புல வந்தது?"

"மஞ்சள்ல."

"மஞ்சள் குழாயில் வருவது பாயசம். எங்க மேனுவல்ல அப்படித்தான் எழுதியிருக்கு. ருசியைப் பத்தி அதுல ஒண்ணுமில்ல."

நேரலையில் கைதட்டும் படங்கள் மேலே மேலே எழும்பிப் போயின. அப்போது கல்யாணராமன் வாயைத் திறந்தார்.

"நாகேஸ்வரன்."

நாகேஸ்வரன் அவர் இலைக்கு முன்னால் போய் நின்றார்.

"சொல்லுங்கோ."

"இது என்னது?"

ஷாஜி பின்னாலிருந்து நாகேஸ்வரனின் முழங்கையைத் தொட்டார். பாயசம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாரியத்தின் மேனுவல் துணைக்கு நிற்கும். சொல்லியிருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி போயிருக்கும். ஆனால் நாகேஸ்வரன் காலமெல்லாம் சுவாமிக்குக் கற்பூரம் விற்றவர். பொய் அவர் வாயில் வரவில்லை.

"ரசம்," என்றார்.

"முந்திரி கிடக்கே."

"அது பாயசத்தோட முந்திரி. ரசம் இழுத்துண்டு வந்துடுத்து."

கல்யாணராமன் கடிகாரத்தை எடுத்துக் கையில் கட்டிக்கொண்டார். இடது கையை மேஜை விளிம்பில் ஊன்றினார். இரண்டு பக்கமும் இருந்த உறவுக்காரர்கள் அவரைப் பார்த்துத் தாங்களும் நாற்காலியைப் பின்னால் தள்ள ஆயத்தமானார்கள்.

"ஒரு நிமிஷம். ஒரே ஒரு நிமிஷம்," என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நாகேஸ்வரன் சமையல்கட்டுக்கு ஓடினார்.

தொட்டியில் கவிழ்த்ததுபோக அகன்ற வெண்கல உருளியில் பாதிப் பாயசம் ஏடு கட்டிக்கிடந்தது. ஆவி வந்துகொண்டிருந்தது. எடுக்க ஒரு சாமானும் இல்லை. அரக்கு வைத்த கதவைப் பார்த்தார், கையை நீட்டினார்.

"சாமி, அத மட்டும் தொடப்பிடாது," என்று ஜெபசிங் குறுக்கே வந்து நின்றார். "சீல் பொட்டினா எனக்க ஜோலி போச்சு. பிள்ளைய படிக்கிதுவ, கேட்டியளா."

"கையால அள்ளிடட்டுமா அண்ணா?" என்றார் அழகியநம்பி.

"வெந்துபோயிடுமேய்யா," என்று நாகேஸ்வரன் சுற்றிலும் பார்த்தார். உருளியில் தலையை முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அழுகை வந்தேவிட்டது.

அப்போது கூறைப்புடவை சரசரக்க யாரோ ஓடிவரும் சத்தம். செண்பகவல்லி. மாலை ஒரு பக்கம் சரிந்து தொங்கியது. கையில், காலையில் அவளைத் தாரை வார்த்துக்கொடுத்த வெள்ளிப் பஞ்சபாத்திரம். அதற்குள் உத்தரணி, சுவாமி தீர்த்தம் எடுக்கிற அந்தக் குட்டிக் கரண்டி.

"அப்பா, இது கரண்டி லிஸ்டுல வராதே," என்றாள். மூச்சு வாங்கியது. "சீக்கிரம் போங்கோ. அவர் பாதி எழுந்துட்டார்."

பஞ்சபாத்திரத்தை உருளிக்குள் முக்கி எடுத்தார் நாகேஸ்வரன். விரல் சுட்டது, அது அவருக்கு உறைக்கவில்லை. வாசலில் ஷாஜி மறித்தார்.

"நில்லுங்க சாமி. அது என்ன, ஸ்பூனா?"

"உத்தரணி."

"பூசைச் சாமானாக்கும் சாரே," என்றார் ஜெபசிங் பின்னாலிருந்து.

ஷாஜி சட்டென்று ஒதுங்கி வழிவிட்டார். "மதகாரியமா? அதுல போர்டு தலையிடாது. தலையிட்டா நாளைக்கு எல்லாக் கட்சியும் கொடி பிடிச்சு வந்துடும். கொண்டுபோங்க, கொண்டுபோங்க."

நாகேஸ்வரன் பந்திக்கு ஓடிவந்தார். கல்யாணராமன் முழங்காலை நேராக்கி முக்கால்வாசி எழுந்திருந்தார். நாகேஸ்வரன் உத்தரணியில் பாயசத்தை எடுத்து அவர் இலையின் வலது ஓரத்துக்குக் கொண்டுபோனார்.

கல்யாணராமனின் கண் உத்தரணியில் விழுந்தது. எழுபது வருஷமாக, எந்தக் கோயிலில் எந்த வரிசையில் நின்றாலும், உத்தரணியைக் கண்டால் அவர் உடம்பு ஒரே ஒரு காரியம்தான் செய்திருக்கிறது. கோபத்தில் இருந்த மனசு தடுப்பதற்குள் வலது கை குவிந்து இலைக்கு மேலே நீண்டுவிட்டது. இடது கை அதற்குக்கீழே போய்த் தாங்கிக்கொண்டது. நாகேஸ்வரன் கையும் பழக்கப்பட்ட கைதான். சொட்டை இலையில் விடாமல் உள்ளங்கையில் விட்டது.

கல்யாணராமன் உறிஞ்சினார். கண்ணை மூடிக்கொண்டார். பிறகு ஈரக் கையை, எழுபது வருஷப் பழக்கப்படி, தன் வழுக்கைத் தலையில் முன்னிருந்து பின்னாகத் தடவிக்கொண்டார்.

தடவி முடித்த பிறகுதான் கை ஒட்டியது. கண்ணைத் திறந்தார். தலை உச்சியில் ஒரு முந்திரித்துண்டு உட்கார்ந்திருந்தது. பந்தி முழுக்க அந்த முந்திரியையே பார்த்தது.

தப்புச் செய்துவிட்டேன் என்று ஒப்புக்கொள்ளும் வழக்கம் கல்யாணராமனிடம் இல்லை. டிக்கெட் பரிசோதகர் ஒருநாளும் தவறான பெட்டியில் ஏறமாட்டார். மெதுவாக உட்கார்ந்தார். பக்கத்திலிருந்த தம்பியைப் பார்த்தார்.

"என்ன முழிக்கறே? கையை நீட்டு. பிரசாதம்."

தம்பி கையை நீட்டினார். அடுத்தவர் நீட்டினார். கோடிவரைக்கும் உள்ளங்கைகள் குவிந்தன. நாகேஸ்வரன் இலை இலையாகப் போய் ஆளுக்கொரு உத்தரணி பாயசம் விட்டார். எல்லாரும் உறிஞ்சி, தலையில் தடவிக்கொண்டார்கள். பெரியவரே தடவிக்கொண்டபோது நாம் தடவாமல் இருப்பது மரியாதையில்லை என்று தோன்றியிருக்க வேண்டும். பாத்திரம் காலியாகக் காலியாகச் செண்பகவல்லி உள்ளே ஓடி நிரப்பிக்கொண்டு வந்தாள். வரிசை முடிந்ததும் கல்யாணராமன் சோற்றில் கை வைத்தார். நாகேஸ்வரன் பக்கத்துத் தூணில் சாய்ந்துகொண்டார்.

சாப்பாடு முடிந்து கை கழுவும் நேரத்தில் ஷாஜி வந்து உத்தரணியைக் கேட்டார்.

"ஏன் சார்? பூஜைச் சாமான்னு நீங்களே விட்டேளே."

"பூஜை நடந்தவரைக்கும் பூஜைச் சாமான். பூஜை முடிஞ்சாச்சு. இனி கணக்குப்படி இது பாயசம் விநியோகிச்ச கருவி. போர்டு அங்கீகாரம் இல்லாத கருவி. லாபுக்குப் போகணும் சாமி. நாளைக்கு எல்லாரும் உத்தரணி வாங்கிட்டாங்கன்னா எங்க பைப்பு என்ன ஆகும்?"

ரெஷ்மா உத்தரணியை ஒரு உறையில் போட்டு மூடினார். நாகேஸ்வரனுக்கு எதிர்க்கத் தெம்பில்லை. சம்பந்தி சாப்பிட்டாயிற்று, அது போதும்.

சாயங்காலம் பெண்ணை அழைத்துக்கொண்டு போக வண்டிகள் நின்றன. செண்பகவல்லி அப்பாவின் தோளில் முகத்தை வைத்து அழுதாள். கல்யாணராமன் காரில் ஏறுவதற்குமுன் நாகேஸ்வரனைத் தனியாகக் கூப்பிட்டார். தலையில் பாயசம் காய்ந்து பளபளத்தது.

"வர்ற வெள்ளிக்கிழமை ஆத்துக்கு வாரும்."

"கேட்டு வரைக்கும்தானே?" என்று நாகேஸ்வரன் வாய்தவறிக் கேட்டுவிட்டார்.

கல்யாணராமன் பார்த்தார். அதே பார்வைதான், ஆனால் இந்தத் தடவை டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்கிறவரைப்போல இருந்தார். "உள்ளே வாரும்னாக்கும் சொல்றேன். பாயசம் வைக்கச் சொல்றேன். வரச்சே அந்த உத்தரணியை எடுத்துண்டு வாரும். எங்க குடும்பத்துல இனிமே அப்படித்தான். மறந்துடாதேயும்."

கார் போய்விட்டது. நாகேஸ்வரன் வேஷ்டியை மடித்துக்கட்டிக்கொண்டு, வாரியத்தின் ஜீப் போன திக்கில் ஓடினார். அந்த வயசில் அப்படி ஓடுவார் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

ஜீப் வெகுதூரம் போயிருக்கவில்லை. பழவங்காடிச் சந்தியில் பஸ், ஆட்டோ, ஸ்கூட்டர், சாமி கும்பிட வந்தவர்கள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி இறுகி நின்றிருந்தன. பின்னாலிருந்தவர்கள் ஹாரன் அடித்துத் தள்ளப் பார்த்தும் எதுவும் நகரவில்லை. நாகேஸ்வரன் இடுக்குகளில் புகுந்து ஜீப்பின் ஜன்னலை எட்டிப்பிடித்தார்.

உள்ளே, ஷாஜியின் மடியில் அழகியநம்பி கொடுத்தனுப்பிய தூக்குப் பாத்திரம் திறந்திருந்தது. அரக்கு வைத்த அறைக்குள் இருந்த தூக்குகளில் ஒன்று. உறை கிழிந்து கீழே கிடந்தது. ஷாஜி உத்தரணியில் பாயசம் எடுத்து ரெஷ்மாவின் குவிந்த கையில் விட்டுக்கொண்டிருந்தார். ஓட்டுநர் இருக்கையிலிருந்த ஜெபசிங், கோயில் வழக்கம் தெரியாமல், சர்ச்சில் இருப்பதுபோலக் கண்ணை மூடிக்கொண்டு தன் முறைக்குக் காத்திருந்தார்.

ஷாஜி நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் சிரிப்பு கொஞ்சமும் குறையவில்லை.

"லாபுக்கு அனுப்பறதுக்கு முன்ன ஒரு பிரிலிமினரி டெஸ்ட், சாமி. நல்ல ஓட்டமாக்கும் இதுல. பைப்புல இப்படிக் கிட்டாது."

நாகேஸ்வரன் ஜன்னலுக்குள் கையை நீட்டினார். உத்தரணியைக் கேட்டுத்தான் நீட்டினார். ஷாஜிக்கு நீட்டிய கையைக் கண்டதும் வேறொன்றும் தோன்றவில்லை, ஒரு உத்தரணி பாயசத்தை எடுத்து அதில் விட்டார்.

முந்தின நாள் மாலையிலிருந்து ஒன்றும் இறங்காத வயிறு. மகளைப் பற்றிய பயமெல்லாம் தீர்ந்த நேரம். நாகேஸ்வரனின் கை தானாக வாய்க்குப் போயிற்று, பிறகு தானாகத் தலைக்குப் போயிற்று. இனிப்பு தொண்டையில் இறங்கியபோது கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

முன்னால் ஏதோ பஸ் திரும்பி, சந்தி மெல்ல இளகத் தொடங்கியது. அவர் மறுபடி கையை நீட்டினார். இந்தத் தடவை உள்ளங்கையைக் காட்டாமல், நேராக உத்தரணியின் காம்பைப் பிடித்துக்கொண்டார். ஷாஜி ஒரு கணம் விடவில்லை. பின்னாலிருந்து ஹாரன்கள் அலறின. ஜெபசிங் கண்ணைத் திறந்து கியரைப் போட்டார்.

ஜீப் நகர்ந்தது. உத்தரணி நாகேஸ்வரன் கையில் இருந்தது.